வார்த்தை வரும்வரை

"இயேசுவோட வருகையே இம்புட்டு சமீபமா இருக்கு, இனி எதுக்குக்கா கிரைண்டர ரிப்பேருக்குக் குடுத்துக்கிட்டு" என்று சபை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு குரல் சொன்னது. "அதுவரைக்கும் உன் வீட்டுக்காரரு இட்லி கேக்க மாட்டாராக்கும்" என்றது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து சிரித்தன. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, லேப்டாப் வயரைச் சுவரில் செருகிக்கொண்டிருந்தேன், ஆனால் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை, அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வெகுநேரம் வெயிலில் நின்றவர்களுக்குத் தூரத்தில் பஸ் தெரிந்துவிட்ட சந்தோஷம் அது, எனக்கும் சிறு வயதில் அந்தச் சந்தோஷம் இருந்திருக்கிறது, ஆனால் அந்த பஸ் வரும் வழியில் என் அண்ணன் நிற்கிறான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பாளையங்கோட்டையைத் தாண்டி, பழைய மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட எங்கள் சபையில், பின்வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதுதான் என் இடம், பாஸ்டர் ஐயா வசனத்தைச் சொல்லத் தொடங்கும்போதே அதைத் திரையில் போட வேண்டும், அதுதான் என் ஊழியம், "எப்சிபா போட்டுருவா" என்பதைத் தவிர இந்தச் சபையில் என்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது போதும். தூணுக்குப் பின்னால் இருந்தால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, நான் எல்லோரையும் பார்க்கலாம், வெடித்த குதிகால்கள், மல்லிகை வைக்காத கொண்டைகள், இரண்டாம் வரிசையில் அம்மாவின் வெள்ளை முக்காடு, நேற்று இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, முதுகு நேராக இருக்கிறது, மிக நேராக, சாய்ந்தால் விழுந்துவிடுவாள் போல. லேப்டாப்புக்கு நெட் என் போனிலிருந்துதான் வருகிறது, அதனால் எல்லோரும் போனை அணைத்துப் பைக்குள் போட்டிருக்க என்னுடையது மட்டும் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது, அதற்குள் ரூபன் அண்ணனின் குரல் இருக்கிறது, காலையில் வந்தது, நான் இனி அதைக் கேட்கத் தேவையில்லை, தானாகவே ஓடுகிறது. ஏட்டி எப்சி, நம்ம ஆளுகள ஏத்திட்டுப் போக பிளைட் விடுதாங்க, எனக்கு ஒரு எடம் இருக்கு, நம்மூரு மத்தியானத்துக்குள்ள வாரேன் வரலன்னு சொல்லணும், இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியல, அம்மாட்ட சொல்லு, பாஸ்டர் ஐயாட்ட கேக்கச் சொல்லு, வார்த்தை வந்தா ஒடனே கெளம்பிருதேன். சொல்லி முடித்த பிறகும் பதிவை நிறுத்த மறந்திருந்தான், கொஞ்ச நேரம் வெறும் மூச்சு, ஓடி வந்து நின்றவனுடைய மூச்சு, பிறகு யாரோ எனக்குத் தெரியாத பாஷையில் எதையோ அதட்ட, அவ்வளவுதான்.

வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், கல்லூரியில் என்னோடு படித்தவர்களிடம் சொல்லவே முடியாது, குண்டு விழுகிற ஊரிலிருந்து கிளம்ப ஒருவன் பாஸ்டருக்குக் கர்த்தரிடமிருந்து வார்த்தை வரட்டும் என்று காத்திருக்கிறான் என்று. ஆனால் எங்கள் வீட்டில் வார்த்தை இல்லாமல் எதுவும் அசையாது, அப்பாவுக்குப் பிறகு அப்படி. அன்றைக்குக் காலையில் பாஸ்டர் ஐயா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பிரதர், இன்னைக்குப் பிரயாணம் வேண்டாம்னு என் மனசுல பாரமா இருக்கு" என்று சொன்னார், அப்பா சிரித்துக்கொண்டே, கல்யாண வீட்டுக்குத்தானே, சாப்பிட்ட கையோடு வந்துருவேன் என்று பைக்கை உதைத்தார், வல்லநாட்டுப் பக்கம் லாரி. அதன்பிறகு என் கல்லூரிக்கு வார்த்தை, வீட்டுக்குக் குழாய் போட வார்த்தை, அண்ணன் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போக நின்றபோதும் வார்த்தை, பாஸ்டர் ஐயா உபவாசமிருந்து அவன் தலையில் கைவைத்து, நடுங்கும் குரலில், "இஸ்ரவேல்" என்றார். சபையே எழுந்து கைதட்டியது. பரிசுத்த பூமிக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளை. அவன் அங்கே போய்ச் செய்தது ஒரு வயதானவரைக் குளிப்பாட்டுவது, அவருக்கு டயப்பர் மாற்றுவது, பிடித்துப் பிடித்து நடத்துவது, அவரைச் சபா என்று கூப்பிடுவான், அங்கே தாத்தா என்பதற்கு அப்படித்தானாம், "எந்நேரமும் சபையிலேயே இருக்கேம்மா, பாஸ்டர் ஐயாட்ட சொல்லு" என்று போனில் சிரிப்பான். இப்போது சபாவின் மகள் வந்துவிட்டாளாம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் அம்மாவிடம் போ என்று அவளே சொல்லிவிட்டாளாம். எல்லோரும் போ என்கிறார்கள், வர வேண்டிய வார்த்தை மட்டும் வரவில்லை. பாஸ்டர் ஐயா பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார், திரையில் வரைபடம், அதை நான்தான் செய்தேன், நேற்று வாட்சப்பில் படம் அனுப்பி, "எப்சி, வடக்கிலிருந்து ஒரு அம்பு, கிழக்கிலிருந்து ஒரு அம்பு, சிகப்புல போடும்மா" என்று கேட்டிருந்தார், கோகு என்று ஒரு பெயர், மாகோகு என்று ஒரு பெயர், கடைசி யுத்தத்தில் இஸ்ரவேல்மேல் வரும் எதிரிகள், நான் சிகப்பைத் தேர்ந்தெடுத்தேன், அம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன், கிழக்கு அம்பின் முனையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போனபோது அது ஒரு ஊர்ப்பெயரின்மேல் உட்கார்ந்து பெயரை மறைத்துவிட்டது, அது ரூபன் அண்ணன் இருக்கிற ஊர், அதை நகர்த்த முயன்றேன், நகர்த்தினால் அம்பு கடலுக்குள் போய்விடுகிறது, கடைசியில் அப்படியே விட்டுவிட்டேன், இப்போது அது சுவரளவு பெரிதாக எல்லோர் முன்னும் நிற்கிறது, அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நல்லவேளை பெயர் தெரியவில்லை. "இஸ்ரவேலைச் சுத்தி என்ன நடக்குது பாருங்க" என்கிறார் பாஸ்டர் ஐயா, "ஆமென்" என்கிறார்கள், "அத்தி மரம் துளிர்க்குது பாருங்க, வருகைக்கு அடையாளம்", "ஆமென்". அவர் இஸ்ரவேல் என்பார், அண்ணனின் விசாவில் இஸ்ரேல் என்றிருந்தது, செய்தியிலும் இஸ்ரேல்தான், நடுவில் ஓர் எழுத்துத்தான் குறைகிறது, எனக்கென்னவோ அவை இரண்டும் வேறு வேறு நாடுகள் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது, இஸ்ரவேலில் சேனைகள் இருக்கின்றன, கோத்திரங்கள் இருக்கின்றன, நிறைவேற வேண்டியவை இருக்கின்றன, இஸ்ரேலில் ஒரு மாடிப்படி இருக்கிறது, குண்டு வருகிறதென்று சங்கு ஊதினால் சபாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணன் அதில் இறங்குகிறான், வெங்காயம் அங்கே இனிக்கிறது, குழம்புக்கு ஆகாது என்பான். சண்டை நடப்பது இஸ்ரேலில். இங்கே ஆமென் சொல்வது இஸ்ரவேலுக்கு. இதை யாரிடம் கேட்பது, கேட்டால் பாஸ்டர் ஐயா கோபப்பட மாட்டார், என் தலையில் கைவைத்து ஜெபிப்பார், அதுதான் பயம்.

வசனம் போடத் தவறிவிட்டேன், ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், போட்டுவிட்டேன். வருகையின்போது இரண்டு பேர் வயலில் இருக்க ஒருவன் பரலோகத்துக்கு எடுக்கப்படுவான் ஒருவன் விடப்படுவான் என்கிற இடம். இந்த வசனம் எனக்கு வயிற்றில்தான் கேட்கும், எப்போதும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிவிட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகுகிறது, அம்மா இல்லை, கொடியில் பாதி காயப்போட்ட துணி, அம்மாவின் செருப்பு வாசலில் இருக்கிறது, செருப்பில்லாமல்தானே மேலே போவார்கள், முடிந்தது, வருகை முடிந்தது, என்னை விட்டுவிட்டார்கள், எதற்காக என்று உடனே தெரிந்தது, அன்றைக்குக் கணக்கு டீச்சரிடம் பொய் சொல்லியிருந்தேன், நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதேன், அப்போது பின்பக்கத்திலிருந்து ரூபன் அண்ணன் வந்தான், வாயெல்லாம் மாவடு, சபை மரத்தில் திருடியது, "என்னட்டி" என்றான், சொன்னேன், அவன் உப்பைத் தொட்டு இன்னொரு கடி கடித்துவிட்டு யோசித்தான், "அப்ப நானும்லா விடப்பட்டுட்டேன், வா, ரெண்டு பேரும் இங்கயே இருப்போம், யாரும் ஏச மாட்டாங்க" என்றான். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலையோடு வந்தாள், பால் கருகியதற்கு இரண்டு பேருக்கும் அடி. அதன்பிறகு எப்போது வீடு அமைதியாக இருந்தாலும் நான் முதலில் அண்ணனைத் தேடுவேன், அவன் இருந்தால் உலகம் முடியவில்லை என்று அர்த்தம், அவனுக்கும் அது தெரியும், கதவுக்குப் பின்னாலிருந்து "இருக்கேன்ட்டி" என்று கத்துவான். அங்கே போன பிறகும் சில நாள் வெறுமனே அதையே அனுப்புவான், இருக்கேன்ட்டி, வேறொன்றும் இருக்காது. இந்த வாரம் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டுப் பதில் வராமல் போனால் என்று. திரையில் அடுத்த படம், இடிந்த ஊர், பாஸ்டர் ஐயா நெட்டில் எடுத்தது, கடைசிக் காலம் என்று மேலே நான் தட்டியது, அந்தப் படத்தைப் போட எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் நேற்று செய்தியில் அதே மாதிரி ஓர் இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், எல்லைக்கு அந்தப் பக்கம், அண்ணன் இருக்கிற பக்கம் இல்லை, சுவரில்லாத வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு போர்வையை உதறினாள், புழுதி பறந்தது, மறுபடி உதறினாள், புழுதி குறையவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தவரை உதறிக்கொண்டே இருந்தாள், படுக்கப் போகிறவள்போல, இன்றைக்கு இங்கேதான் படுக்க வேண்டும் என்பதுபோல. அவளுக்கும் எங்கேயோ ஓர் அண்ணன் இருப்பான். அவள் எந்த அம்பு, வடக்கா கிழக்கா, தீர்க்கதரிசனத்தில் அவளுக்கு என்ன பெயர், அவளுக்காக யாரும் ஆமென் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்காக ஜெபித்தால் அண்ணனுக்கு விரோதமாகிவிடுமோ என்று நேற்று ஒரு நிமிஷம் பயந்தேன், அப்படிப் பயந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"முழங்கால்படியிடுவோம்" என்றதும் சபை முழுவதும் ஒரே சத்தமாகச் சாய்கிறது, வளையல்கள், பாய், முழங்காலெலும்பு, பிறகு ஒவ்வொரு வாயும் தனித்தனியாகத் திறக்க எல்லாம் சேர்ந்து தகரத்தில் போய் முட்டுகிறது, இந்தச் சத்தத்துக்குள் நான் தூங்கியிருக்கிறேன், குழந்தையாக, அம்மா மடியில், இன்றைக்கு அது மழையாகக் கேட்கவில்லை. வாரும், வாரும், சீக்கிரம் வாரும். எல்லோரும் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள், நான் இன்னொருவனை. அம்மாவின் உதடு அசையவில்லை, போன வாரத்திலிருந்து அசையவில்லை. போன வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாஸ்டர் ஐயா, சண்டை நிக்கணும்னு ஜெபிக்கலாமா" என்று கேட்டாள். "நடக்க வேண்டியது நடந்துதான் தீரும் சிஸ்டர்" என்றார் பாஸ்டர் ஐயா, மெதுவாகத்தான், "நாம ஆயத்தமா இருக்க ஜெபிப்போம், ரூபன் தம்பியைக் கர்த்தர் மறைச்சுக் காக்கணும்னு ஜெபிப்போம்." அம்மாவுக்குப் பின்னாலிருந்து புஷ்பராணி அத்தை, எங்கள் தெருக்காரி, தனக்குள் சொல்வதுபோல், "வசனத்துக்கு விரோதமா ஜெபிச்சா கர்த்தர் வாய்ல ஒண்ணு போட மாட்டாரா" என்றாள். அம்மா உட்கார்ந்தாள். அவள் இனிச் சத்தமாக எதுவும் கேட்க மாட்டாள், ஆனால் காத்திருப்பாள், காத்திருக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு வேறொன்றும் தெரியாது, அப்பாவின் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை இதே மாதிரித்தான் உட்கார்ந்திருந்தாள், இதே முதுகு. பாஸ்டர் ஐயா மேடையில் முகங்குப்புறக் கிடக்கிறார். அவரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு எளிதாக இருக்கும். அவர் நடிக்கிறவர் இல்லை. அப்பாவைப் புதைத்த அன்று குழிக்குள் இறங்கிப் பெட்டியை நேராக்கியவர், என் கல்லூரிச் சேர்க்கைக்குத் தானே வந்து வெயிலில் நின்றவர், இப்போதும் அண்ணனுக்காகத்தான் அழுகிறார், அவர் தோள் குலுங்குவதை இங்கிருந்தே பார்க்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன்புகூடச் சொன்னார், கடைசி நாட்களில் கர்த்தர் சொல்லாததைச் சொன்னார் என்று சொல்கிறவர்கள் எழும்புவார்கள், கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, இவனுக்கு நான் என்ன சொல்ல என்று, அவர் குரல் உண்மையிலேயே பயந்து நடுங்கியது, நான் அந்தத் தலைப்பை மஞ்சளில் போட்டிருந்தேன், கள்ளத் தீர்க்கதரிசிகள். ஒருவேளை இப்போது அவருக்கு வரலாம், இப்போது, எழுந்து அம்மாவைப் பார்க்கலாம், சிரிக்கலாம். எழுந்துவிட்டார். கண் சிவந்திருக்கிறது, சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டே இறங்கி வருகிறார், அம்மா முன்னால் தரையில் உட்கார்கிறார், சபை சத்தத்தைக் குறைக்கிறது, எல்லோருக்கும் தெரியும் எதற்கென்று. "சிஸ்டர்" என்றார், மெதுவாகத்தான் சொன்னார், காலரில் மைக் இருப்பதை மறந்துவிட்டார், அந்த ரகசியம் இரண்டு ஸ்பீக்கரிலும் பெரிதாக வருகிறது, என் கை சத்தத்தைக் குறைக்கப் பாய்ந்தது, அதற்குள், "ராத்திரி பூரா கேட்டேன் சிஸ்டர். ஒண்ணும் வரல. கெளம்புன்னும் வரல, இருன்னும் வரல. வராததை வந்துச்சுன்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு" என்பது தகரம் முழுக்கக் கேட்டுவிட்டது. அம்மா தலையசைத்தாள். "வரட்டும் ஐயா. காத்திருப்போம்" என்றாள், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்ட குரலில். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள்.

போன் மேசையில் நகர்கிறது, தேள் நகர்வதுபோல. திருப்பிப் பார்க்கிறேன். ஏட்டி, என்னாச்சி. அடுத்து, ஆபீசர் கேக்காரு, என் முன்னால நிக்காரு. அடுத்து, அம்மாட்ட குடு. நான் தூணைவிட்டு வெளியே வந்து நிற்கிறேன், பலர் பார்க்கிறார்கள், முகம் சுடுகிறது, அம்மா திரும்புகிறாள், நான் போனைத் தூக்கிக் காட்டுகிறேன், அவளுக்குப் புரிகிறது, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து இரண்டு முறை அழுத்துகிறாள், பொறு, பொறு என்று, குக்கர் சத்தத்துக்கு எழுந்துபோகப் பார்க்கும் என்னை உட்காரவைப்பாளே அதே கை. திரும்பிவிட்டாள். நான் மறுபடி தூணுக்குப் பின்னால். எந்தப் பக்கமும் வார்த்தை இல்லை என்றால் என்ன செய்வது, அப்பாவுக்கு வார்த்தை வந்தது, அவர் கேட்கவில்லை, போய்விட்டார், இவனுக்கு வரவில்லை, இவன் கேட்டுக்கொண்டே நிற்பான், பெயர் கேட்கும் மனுஷன் அடுத்தவனிடம் போய்விடுவார், சங்கு ஊதும், மாடிப்படி. வா என்று நானாகச் சொன்னால் வர மாட்டான், அம்மா சொன்னாலும் அவன் மனசு பாதிதான் வரும், அப்பாவை நினைத்துக்கொண்டே விமானத்தில் உட்காருவான், அவன் வரும் வானத்தில்தான் ஏவுகணைகளெல்லாம் பறக்கின்றன, வார்த்தை வந்தது என்று நான் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் அது யார் சொன்ன வார்த்தை, கர்த்தருடையதும் இல்லை, பாஸ்டருடையதும் இல்லை, கணக்கு டீச்சரிடம் பொய் சொன்னவளுடையது, காலமெல்லாம் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அதோடு இருக்க வேண்டும், மன்னிப்பு இல்லாத இடம், நானே மஞ்சளில் தலைப்புப் போட்டது. ஏட்டி. ஏட்டி எப்சி. அடுத்த ஆளைக் கூப்புடுதாரு. என் விரல் தட்டுகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாஸ்டர் ஐயாவுக்கு வார்த்தை வந்துருச்சி, வரச் சொல்லுதாங்க, பேரக் குடுத்துரு. அனுப்பியாயிற்று. முன்னால் பாஸ்டர் ஐயா மறுபடி முழங்காலில், அம்மா பக்கத்திலேயே. போன் மறுபடி நகர்ந்தது. அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன், நன்றி சொல்வான் என்று நினைத்தேன், வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான், இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. என்ன வசனம், என்று கேட்டிருந்தான். வார்த்தை வந்தால் வசனத்தோடுதான் வரும், அது எனக்கு எப்படி மறந்தது. என் கையின்கீழ் எல்லா வசனமும் இருக்கிறது, ஆகமப் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் வந்து நிற்கும், யாக்கோபு வீட்டைவிட்டு ஓடிக் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த இடம் ஞாபகம் வந்தது, நீ போகிற இடமெல்லாம் உன்னோடிருந்து உன்னை இந்தத் தேசத்துக்கே திரும்பக் கொண்டுவருவேன் என்பதாக அங்கே ஒரு வாக்கு உண்டு, ஆனால் அங்கே இந்தத் தேசம் என்பது அந்தத் தேசத்தைத்தான், அண்ணன் இப்போது நிற்கிற தேசத்தைத்தான், பாளையங்கோட்டையை இல்லை, அவனுக்கும் அது தெரியும், ஞாயிறு பள்ளியில் மனப்பாடத்துக்கு அவனுக்குத்தான் பரிசு. வாரும், வாரும் என்று சபை மறுபடி எழுகிறது. திரையில் எல்லோருக்கும் தெரியாமலிருக்க முதலில் ப்ரொஜெக்டரை மூடினேன், சுவர் வெறும் வெள்ளையானது, ஒருவரும் கண் திறக்கவில்லை. பிறகு அந்த வசனத்தை எடுத்து, அதிலிருந்து தேசம் என்ற அந்த ஒரு சொல்லை அழித்து, அது இருந்த இடத்தில் வீடு என்று தட்டி, அண்ணனுக்கு அனுப்பினேன்.